திருப்பணி நிறைவு அறிக்கை: உங்கள் வருடக் காணிக்கை மேல்தளத்தில் இருக்கிறது

உறுப்பினர்கள், உபயதாரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகம் நல்லபடியாக முடிந்து, 48 நாள் மண்டல பூஜையும் நிறைந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கைத் தனியாக இணைத்திருக்கிறோம், பில்கள் கோயில் அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இந்தக் கடிதம் பில்லில் தெரியாத விஷயத்துக்காக.

கலசத்துக்கு உபயம் தர வரிசையில் நின்றார்கள். கதவு, மணி, கொடிமரம் எல்லாம் அப்படியே. பெயர் பொறிக்கலாம், குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். (டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு 'உபயம்' எழுதும் ஊர் நம்முடையது; எழுதவிட்டதில் கமிட்டிக்கும் பங்கு உண்டு.) ஆனால் சாரத்துக்கு யார் உபயம்? வேலை முடிந்ததும் அவிழ்த்துக்கொண்டு போகிற சவுக்குக் கட்டையில் யார் பெயரை எழுதுவது? வருடா வருடம் ஆடியில் 500, 1,000 என்று, எதற்கு என்று சொல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தீர்களே, அந்தப் பணம்தான் சாரமாக நின்றது.

மேல்தளமும் அப்படித்தான். மழைக்காலத்தில் நந்திக்குப் பக்கத்தில் வாளி வைத்திருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். போன திருப்பணியில் ஒழுகிய இடத்தில் எல்லாம் சிமெண்ட் பூசிவிட்டார்கள். அது வெயிலில் வெடித்து, வெடிப்பில் அரசங்கன்று முளைத்து, வேர் கல் இடுக்கு வரை இறங்கிவிட்டது. இந்த முறை ஸ்தபதி சிமெண்டைத் தொடவே விடவில்லை. பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டினார்கள். அடித்த கட்டை துள்ளித் திரும்ப வேண்டும், அதுதான் பதமாம். அதற்கு மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு, பதித்தார்கள். முகூர்த்தம் தள்ளிப்போனது இதனால்தான், "இன்னுமாய்யா முடியல?" என்று போனில் சத்தம் போட்டவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்வெட்டுச் சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்துதர ஒருவர் குறைந்த விலை சொன்னார். அழுக்கோடு எழுத்தும் போய்விடும் என்பதால் வேண்டாம் என்றோம். தண்ணீர் வைத்தே கழுவினோம், செலவு கூடத்தான். சிலையைப் பீடத்தோடு இறுக்கிப் பிடிக்கவைக்கிற அஷ்டபந்தன மருந்துக்குக் கொம்பரக்கு, குங்குலியம், தேன்மெழுகு எல்லாம் சுலபமாகக் கிடைத்தன. எருமை வெண்ணெய்க்குத்தான் ஊர் ஊராக அலைந்தோம். பால் மாடு எல்லாம் கலப்பினப் பசுவாகிவிட்ட காலத்தில் எருமைக்கு எங்கே போவது?

சரி, எங்கள் தவறு ஒன்று. இத்தனை வருடமும் ரசீது கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டோம். பொதுக்குழுவில் ஓர் அம்மா "என் ஆயிரம் ரூபா எங்கப்பா போச்சு?" என்று கேட்டபோது எங்களிடம் காட்ட ஒரு படம்கூட இல்லை. நியாயமான கேள்வி. இனிமேல் வருடக் காணிக்கை அனுப்பும் ஒவ்வொருவருக்கும் அந்த வருடம் நடந்த வேலையின் முன்-பின் படங்கள் வாட்ஸ்அப்பில் வரும், அது சாக்கடை அடைப்பு எடுத்த படமாக இருந்தாலும்.

மடைப்பள்ளிப் புகைபோக்கி வேலை முடியவில்லை, பணம் போதவில்லை. அடுத்த ஆடிக் காணிக்கை அதற்குத்தான்.

மேல்தளத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், வெயில் ஏறினால் தட்டோட்டில் கால் வைக்க முடியாது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏணியில் ஏற வேண்டாம், படம் எடுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி