சங்கத்தோட ஆண்டறிக்கை: சனிக்கிழமை கிளாஸும் சந்தா பாக்கியும்

எல்லாருக்கும் வணக்கம். ரிட்டயர்டு ஐடிஐ இன்ஸ்ட்ரக்டர்ஸ் நாம, போன பொதுக்குழுவுல என்னை செயலாளரா போட்டீங்க, அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல, வராதவன் தலையில கட்டினதுதான். சரி.

குடியரசு தினத்துக்கு கொடி ஏத்தினோம். ஆயுத பூஜை வழக்கம்போல. கண் பரிசோதனை முகாம் மழையால தள்ளிப்போச்சு, இன்னும் நடக்கல.

இனி சனிக்கிழமை கிளாஸ். கிண்டியில சிஐடிஎஸ் படிக்கிற பசங்களுக்கு, அதாவது நாளைக்கு ஐடிஐல வாத்தியாரா போகப்போறவங்களுக்கு, நிர்வாகமும் முடிவெடுக்கிற முறையும் சொல்லித்தர ஆரம்பிச்சேன். ஒரு வருஷ கோர்ஸ்ல லெசன் பிளான், டெமான்ஸ்ட்ரேஷன்லாம் நல்லாவே கத்துக்கிறாங்க, ஆனா வேலைக்குப் போன முதல் வாரமே ஸ்டோர், இன்டென்ட் (சாமான் கேட்டு எழுதுற சீட்டு), பசங்க சண்டைன்னு ஒண்ணா வந்து விழும்போது எதை முதல்ல எடுக்கிறதுன்னு திணறுவாங்க. நாம திணறலையா?

அதனால போர்டுல எழுதிப்போடாம இன்-பாஸ்கெட் பயிற்சி வச்சேன், அதாவது ஒரே நேரத்துல மேஜைக்கு வந்து குவியற சீட்டுங்கள்ல எதை முதல்ல எடுக்கிறது, என்ன பண்றதுன்னு எழுதணும். 1950-கள்ல அமெரிக்க விமானப்படைக்காக உண்டாக்கின முறை. ட்ரேல ஏழு துண்டுச்சீட்டு: லேத் மெஷினோட சக் கீ (சக்கை டைட் பண்ற சாவி) காணோம், எம்.எஸ். ஃபிளாட் (இரும்புப் பட்டை) வரல, ஒரு பையனுக்கு கையில வெட்டு, கிரைண்டரோட பாதுகாப்பு மூடி கழண்டிருக்கு, நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன், பிரின்சிபால் அட்டெண்டன்ஸ் கேட்கிறார், ஒரு பையனோட அப்பா வாசல்ல நிக்கிறார். இருபது நிமிஷம் டைம். ஒரு தம்பி ஏழுலயும் "முதல்வர் பார்வைக்கு"ன்னு எழுதிட்டான். சிரிச்சோம், ஆனா நம்மள்லயே முப்பது வருஷம் அப்படி ஓட்டினவங்க உண்டு. ஒரு பொண்ணு மட்டும் வெட்டு சீட்டையும் கிரைண்டர் சீட்டையும் சேர்த்து கிளிப் போட்டு, "ஃபர்ஸ்ட் எய்ட், கிரைண்டர் மெயின் ஆஃப், மீதி அப்புறம்"னு எழுதினா. சீட்டு எழுதின எனக்கே அந்த ரெண்டுக்கும் சம்பந்தம் தோணல.

அடுத்து, பழைய லேத்தை ரிப்பேர் பண்றதா புதுசு வாங்குறதான்னு டிசிஷன் மேட்ரிக்ஸ், அதாவது செலவு, நாள்னு ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு முக்கியம்னு வெயிட்டேஜ் வச்சு, ரெண்டு வழிக்கும் மார்க் போட்டு கூட்டிப் பாக்குற அட்டவணை. பசங்க விடையை முதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கேத்த மாதிரி மார்க் போட்டாங்க, அதனால வெயிட்டேஜை முன்னாடியே பேனாவால எழுதி என்கிட்ட கொடுத்துடணும்னு ரூல் போட்டேன். அப்பவும் எது பெஸ்ட்னு வாக்குவாதம் ஓயல. எல்லா வழியையும் அலசி பெஸ்ட்டை எடுக்க மனுஷனால ஆகாது, போதும்னு படுறதுல நிறுத்திக்கிறான்னு சொன்ன ஹெர்பர்ட் சைமனுக்கு 1978-ல பொருளாதார நோபலே கொடுத்தாங்கன்னு சொன்னப்புறம்தான் அமைதியானாங்க.

பன்னிரண்டு சனிக்கிழமையில கமிட்டியிலிருந்து எட்டிப்பாத்தது மூணே பேர். ஒரு மூத்த உறுப்பினர் "ஃபைல் பிடிக்கத் தெரிஞ்சா போதாதா"ன்னு போன்ல கேட்டார், நேர்ல வந்து கேட்டிருந்தா ஒரு ட்ரே கொடுத்திருப்பேன்.

வரவு செலவு பொருளாளர்கிட்ட இருக்கு, கடன் இல்ல, மிச்சமும் பெருசா இல்ல. பாதிப்பேர் சந்தா பாக்கி. ஜெராக்ஸ் காசு என் பாக்கெட்ல இருந்து போச்சு, கேட்கல, சொல்லி வைக்கிறேன்.

ஹால் கொடுத்தவங்களுக்கும் டீ போட்ட அக்காவுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் முட்டி வலியோட என்னால முடியுமான்னு தெரியல, வேற யாராச்சும் எடுத்துக்கிட்டா சந்தோஷம், சீட்டு கவரை அப்படியே கொடுத்துடறேன். யாரும் வரலைன்னா பாக்கலாம். ரசீது புக் பந்திக்குப் போற வழியிலயே மேஜை போட்டு வச்சிருக்கு.