அமைச்சரானால் நாற்காலியை விடுங்கள்: சோசலிஸ்டு அகிலத்துக்கு ஒரு திறந்த மடல்

சோசலிஸ்டு அகிலத்தின் தலைவருக்கும் தலைமைக் குழுவினருக்கும்,

வணக்கம். 1951 இல் பிராங்ஃபர்ட்டில் கூடி, பல நாட்டு சோசலிஸ்டுக் கட்சிகளின் கூட்டமைப்பான இன்றைய அகிலத்தை அமைத்தவர்கள், 1923 மே மாதம் ஹாம்பர்க்கில் தொடங்கி 1940 இல் ஹிட்லரின் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தபோது முடிந்துபோன தொழிலாளர் சோசலிஸ்டு அகிலத்தின் வழிவந்தவர்கள். அந்தப் பழைய அகிலத்தின் அமைப்பு விதிகளில் இருந்த ஒரு சிறிய விதியை நீங்கள் மீண்டும் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ஹாம்பர்க்கில் கூடியவர்கள் ஓர் அவமானத்தைச் சுமந்து வந்தவர்கள். போரைத் தடுப்போம் என்று 1912 இல் பாசல் நகரில் ஒரே குரலில் சூளுரைத்த கட்சிகளுள் பெரியதான ஜெர்மன் கட்சி, 1914 ஆகஸ்டு 4 அன்று நாடாளுமன்றத்தில் போர்க்கடனுக்கு வாக்களித்தது; பிரான்சின் தோழர்களும் பிரிட்டனின் பெரும்பான்மைத் தோழர்களும் தத்தம் அரசுக்குப் பின்னால் நின்றார்கள். இனி அப்படி நேரக்கூடாது என்பதற்காகத்தான், சர்வதேசப் பிரச்சினைகளில் அகிலம் எடுக்கும் முடிவு எல்லா உறுப்புக் கட்சிகளையும் கட்டுப்படுத்தும் என்றும், அத்தகைய ஒவ்வொரு முடிவும் கட்சிகள் தம் சுதந்திரத்துக்குத் தாமே இட்டுக்கொள்ளும் வரம்பு என்றும் ஹாம்பர்க்கில் எழுதினார்கள். கூடவே, செயற்குழுவில் இருப்பவர் தம் நாட்டில் அமைச்சரானால் அகிலப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்ற விதியையும் சேர்த்தார்கள். நான் சொல்லும் விதி இதுதான்.

அந்த விதி ஏட்டோடு நிற்கவில்லை. 1924 ஜனவரியில் பிரிட்டனில் முதல் தொழிற்கட்சி அரசு அமைந்தபோது, அகிலத்தின் தலைவர் ஆர்தர் ஹென்டர்சன் உள்துறை அமைச்சராகவும், இரு செயலாளர்களுள் ஒருவரான டாம் ஷா தொழிலாளர் அமைச்சராகவும் போனார்கள். இருவருமே அகிலத்தின் நாற்காலியை விட்டார்கள். 1929 இல் ஹென்டர்சன் வெளியுறவு அமைச்சரானபோது மறுபடியும் அதே நிலை. அவருக்குப் பின் வந்த எமில் வாண்டர்வெல்டே, 1935 இல் பெல்ஜிய அமைச்சரவையில் சேர்ந்ததும் லூயி த புரூக்கேருக்கு வழிவிட்டார். பதவிக்குப் போகாமல் மிஞ்சியவர் மற்றொரு செயலாளரான ஃபிரெடரிக் அட்லர். போரை எதிர்த்து 1916 இல் ஆஸ்திரியப் பிரதமரையே சுட்டுக்கொன்று மரண தண்டனையின் விளிம்புவரை போய் மீண்டவர் என்பதால், எந்த அமைச்சரவையும் அவரை அழைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

விதி சரி, ஆனால் அது பாதி விதி. ஆள் நாற்காலியை விட்டு எழுந்தார், அவருடைய கட்சியைக் கேள்வி கேட்க யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. 1928 இல் பிரஸ்ஸல்ஸ் மாநாடு இந்திய மக்களின் சுயநிர்ணய உரிமையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டே தொழிற்கட்சி பிரிட்டனில் ஆட்சிக்கு வந்தது. மீரட் சதி வழக்கில் கைதாகியிருந்த தொழிற்சங்கத்தாரை அந்த அரசு விடுவிக்கவில்லை. 1930 இல் எங்கள் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய இராஜாஜியும் தொண்டர்களும் சிறைக்குப் போனபோது லண்டனில் ஆட்சியில் இருந்தது பிரஸ்ஸல்ஸ் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்ட அதே கட்சிதான்; அந்த அமைச்சரவையில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் அகிலத்தின் முன்னாள் தலைவர்.

ஸ்பெயின் இதைவிடக் கசப்பானது. 1936 ஜூலையில் குடியரசு அரசுக்கு எதிராகத் தளபதி பிராங்கோவின் கலகம் வெடித்தபோது ஸ்பானிய சோசலிஸ்டுகளும் அகிலத்தின் உறுப்பினர்கள். பாரிசில் பிரதமராக இருந்த லியோன் புளூமும் அகிலத்தின் முதிர்ந்த தலைவர்களுள் ஒருவர். ஆயுதம் வாங்கும் உரிமை ஸ்பானியக் குடியரசுக்கு வேண்டும் என்று அகிலமும் சர்வதேசத் தொழிற்சங்க சம்மேளனமும் கூட்டாகக் கேட்டன. ஆனால் ஆகஸ்டிலேயே, இரு தரப்புக்கும் ஆயுதம் தருவதில்லை என்ற தலையிடாமைக் கொள்கையை முன்வைத்தது புளூமின் அரசு. சோசலிஸ்டுகள் ஆண்ட டென்மார்க்கும், அவர்கள் அமைச்சர்களாக இருந்த பெல்ஜியமும் அதில் சேர்ந்தன. இத்தாலியும் ஜெர்மனியும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டு பிராங்கோவுக்கு ஆயுதம் அனுப்பிக்கொண்டிருந்தன. புளூமைத் துரோகி என்று நான் சொல்லமாட்டேன். உள்நாட்டுப் போர் பிரான்சுக்கும் பரவும் என்ற அச்சமும், பிரிட்டன் கைவிட்டுவிடும் என்ற அச்சமும் அவருக்கு உண்மையாகவே இருந்தன. எனினும், அந்த அச்சங்களை அகிலத்தின் முன் வைத்து, தீர்மானத்தை ஏன் மீறுகிறேன் என்று பதில் சொல்லும் கடமை எந்த விதியிலும் அவர் கட்சிக்கு இல்லை. சொந்தக் கட்சியைச் சேர்ந்த வெளியுறவு அமைச்சர் ஸ்பாக்கோடு ஸ்பெயின் விஷயத்தில் மோதி, 1937 ஜனவரியில் அமைச்சர் பதவியைத் துறந்த வாண்டர்வெல்டே போன்றவர்கள் அபூர்வம்.

அரசுப் பொறுப்பு குறுக்கே வராத இடங்களில் அதே அகிலம் உருப்படியாக வேலை செய்தது. 1924 இல் கொல்லப்பட்ட இத்தாலிய நாடாளுமன்ற உறுப்பினர் மத்தெயோத்தியின் பெயரால் அமைந்த நிதி, 1934 பிப்ரவரியில் வியன்னாவில் தோற்கடிக்கப்பட்ட தொழிலாளர்களின் குடும்பங்கள்வரை சென்று சேர்ந்தது.

இப்போது உங்களிடம் வருகிறேன். 1999 இல் உங்கள் தலைவரான குத்தேரஸ் அன்று போர்ச்சுகலின் பிரதமர். பாப்பாந்திரேயூ 2009 இல் கிரீசின் பிரதமரான பிறகும் அகிலத்தின் தலைவராகவே தொடர்ந்தார். 2022 இல் மத்ரித்தில் தேர்வான பெத்ரோ சான்செஸ் அப்போதே ஸ்பெயினின் பிரதமர். அவர்களுடைய நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் ஓர் அரசின் தலைவர் தலைமை தாங்கும் அவையில் மற்றோர் அரசை யார் கேள்வி கேட்பார்கள்? துனிசியாவின் அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடி மூன்று நாள் கழித்து, 2011 ஜனவரி 17 அன்றுதான் அவருடைய கட்சியை நீங்கள் நீக்கினீர்கள். எகிப்தின் அதிபர் முபாரக்கின் கட்சியோ கெய்ரோவின் தெருக்கள் நிரம்பிய பிறகே நீக்கப்பட்டது.

ஆகவே, ஆட்சிப் பதவி ஏற்பவர் அகிலத்தின் தலைமைக் குழுவிலிருந்து விலக வேண்டும் என்ற ஹாம்பர்க் விதியை உங்கள் அமைப்பு விதிகளில் மீண்டும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் எழுதாமல் விட்ட மறுபாதியையும் நீங்கள் எழுத வேண்டும்: ஆட்சியில் இருக்கும் ஒவ்வோர் உறுப்புக் கட்சியும், அகிலத்தின் எந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியது, எதை மீறியது, ஏன் மீறியது என்று ஆண்டுக்கொரு முறை பேரவைக்கு எழுத்தில் விளக்கம் தரட்டும், அந்த விளக்கம் எல்லா நாட்டுத் தொழிலாளர்களும் படிக்கும்படி வெளியாகட்டும். அடுத்த மாநாட்டின் நிகழ்ச்சிநிரலில் இதற்கு ஓர் இடம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

தோழமையுடன்,
ஓய்வுபெற்ற தொழிற்சங்க ஊழியன்,
நாகப்பட்டினம் மாவட்டம்.