முழுக் கணக்கையும் ஒட்டுங்கள்: எங்கள் ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சம்பளப் பேச்சு நெருங்கும் நேரத்தில் ஜேர்மனியிலுள்ள நம் ஆலையின் கன்டீன் கதவில் நீங்கள் ஒட்டிய படத்தை எல்லோரும் பார்த்துவிட்டோம். அதில் இருப்பது: 2024இல் ஒரு மணி நேர உழைப்புச் செலவு ஜேர்மனியில் 43.4 யூரோ, ருமேனியாவில் 12.5 யூரோ. எண்கள் சரிதான், ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் வெளியிட்டவை. ஆனால் அது ஆலைகளின் கணக்கு மட்டும் அல்ல. வங்கி, கடை, கட்டட வேலை எல்லாம் சேர்ந்த சராசரி. எங்கள் கைக்கு வரும் சம்பளமும் அல்ல. முதலாளி கட்டும் சமூகக் காப்புறுதிப் பங்கும் அதற்குள் இருக்கிறது. ருமேனியாவிலோ 2018இல் அந்தப் பங்கில் பெரும்பகுதியைத் தொழிலாளியின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். உங்கள் கணக்குப் பிரிவுக்கு இது தெரியாததா? படத்தில் ஏன் ஒரு வரிகூட இல்லை?

அந்தப் படம் செய்த வேலையைச் சொல்கிறேன். கணினிக் கட்டுப்பாட்டில் மெஷின்கள் ஓடும் எங்கள் சி.என்.சி. பிரிவில் ருமேனியாக்காரர் ஒருவர் இருக்கிறார். எங்களுக்குள்ள அதே சம்பளம், அதே ஷிப்ட். பக்கத்து மெஷின் நின்றால் கூப்பிடாமலே வந்து நிற்பார். படம் ஒட்டிய மறுநாள், "எங்கள் வேலை உங்கள் ஊருக்குத்தானே போகப்போகிறது" என்று ஒருவர் அவர் முகத்துக்கு நேரே கேட்டார். இப்போது அவர் கன்டீனுக்கே வருவதில்லை. மெஷின் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். இதற்கு யார் பொறுப்பு?

முழுக் கணக்கையும் ஒட்டுங்கள். ஒரு பாகம் செய்ய உழைப்புச் செலவு எவ்வளவு, மொத்தச் செலவில் அது எத்தனை சதவீதம், மின்சாரம், உருக்கு, போக்குவரத்து எவ்வளவு, கழிவாகப் போவது எவ்வளவு, எல்லாம் போடுங்கள். அதே 2024இல் டென்மார்க்கில் உழைப்புச் செலவு மணிக்கு 50.1 யூரோ. அங்கும் ஆலைகள் ஓடுகின்றனவே!

2008இல் கைபேசி நிறுவனமான நோக்கியா, ஜேர்மனியின் போஹும் நகரிலிருந்த ஆலையை மூடிவிட்டு, ருமேனியாவின் குளூஜ் நகர்ப் பக்கம் போனது. 2011இல் அந்த ஆலையையும் மூடுவதாக அறிவித்தது. முதலில் இந்த ஊர்க்காரர், அப்புறம் அந்த ஊர்க்காரர், இரண்டு பேருக்கும் வேலை போனது. எங்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு யாருக்கு என்ன லாபம்?

நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், பொருளாதார நிலவரத்தைத் தொழிலாளர் தரப்பின் பொருளாதாரக் குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று ஜேர்மனியச் சட்டமே சொல்கிறது. நாங்கள் சலுகை கேட்கவில்லை.

தயவுசெய்து பேச்சுவார்த்தைக்கு முன்பே முழுக் கணக்கையும் ஒட்டுங்கள். அதுவரை இந்தப் படத்தைக் கழற்றிவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சி.என்.சி. பிரிவுத் தொழிலாளி ஒருவர்