பாலிசி காலாவதியாகும் முன் முகவரிடம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் பாம்பனைச் சேர்ந்த விசைப்படகுத் தொழிலாளியின் மனைவி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வீட்டில் வரும்படி இருக்காது. என் கணவரின் ஆயுள் காப்பீட்டுக்கு மே முதல் வாரம்தான் ஆண்டுத் தவணை. தவறினால் தரும் 30 நாள் அவகாசமும் தடைக்காலத்திலேயே முடிந்துவிடுகிறது.

இந்த வருடம் பாலிசி அப்படித்தான் காலாவதியானது. நிறுவனத்தின் குறுஞ்செய்தி நாங்கள் எப்போதோ மாற்றிவிட்ட பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. பாலிசி எடுத்துக்கொடுத்த முகவர் அண்ணன் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அவருக்கும் தகவல் இல்லை. தெரிந்திருந்தால் வீடு தேடி வந்து சொல்லியிருப்பார், கடன் வாங்கியாவது கட்டியிருப்போம். தடை முடிந்ததும் காப்பீடு இல்லாமலே என் கணவர் கடலுக்குப் போய்வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

ஐந்து ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம் என்கிறார்கள். சரி, வட்டியோடு கட்டுகிறோம். நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

பாலிசி நிற்பதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே முகவருக்கோ தரகருக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட வேண்டும். எங்களுக்கும் தமிழில் ஒரு கடிதம் வரட்டும்.

- ஒரு வாசகி, பாம்பன்