மூன்று பிளையர், ஒரு கட்டர்

அன்பு மகளுக்கு,

நீ மணி நகை செய்யத் தொடங்கியிருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! கருவிகள் எல்லாம் அடங்கிய பெரிய செட் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணம்மா. அதில் பாதி தொடாமலே கிடக்கும். அந்தக் காசில் கம்பியைச் சுற்றிக் கண்ணி, அதாவது சின்ன வளையம், போட ரவுண்ட் நோஸ் பிளையர் ஒன்று, கம்பியைப் பிடிக்கக் கூர்நுனி உள்ள செயின் நோஸ் இரண்டு, கம்பி வெட்ட நல்ல கட்டர் ஒன்று வாங்கு. பிளையரின் உள்பக்கம் பல் இல்லாமல் வழவழப்பாக இருக்கிறதா என்று பார். பல் இருந்தால் கம்பியெல்லாம் தழும்பாகிவிடும்.

ஒரே மாதிரி செயின் நோஸ் எதற்கு இரண்டு என்று கேட்பாய். நகையின் பகுதிகளை இணைக்கும் சின்ன வளையமான ஜம்ப் ரிங்குக்கு இரண்டு கையும் வேண்டும், கைக்கு ஒரு பிளையர். வளையத்தின் வாயை இடமும் வலமுமாக இழுத்துத் திறக்காதே. ஒரு முனை உன் பக்கம், மற்றது எதிர்ப்பக்கம் என்று திருப்பித் திற. இழுத்துத் திறந்தால் வட்டம் கெட்டுவிடும், பிறகு வாய் சரியாகச் சேராது. மூடும்போது முனைகள் ஒன்றையொன்று சற்றே தாண்டும்படி முன்னும் பின்னும் அசைத்துச் சேர்க்க வேண்டும். நகத்தால் தடவினால் இடைவெளி தட்டுப்படக் கூடாது. மாலை அறுந்துவிட்டது என்று எடுத்து வருவார்கள்; பார்த்தால் பல நேரம் எதுவும் அறுந்திருக்காது, இந்த வளையம்தான் வாய் திறந்திருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ரவுண்ட் நோஸின் அலகு நுனியில் மெலிந்து, அடியில் தடித்திருக்கும். நுனியில் சுற்றினால் சின்னக் கண்ணி, அடியில் சுற்றினால் பெரியது. காதணி ஜோடியில் இரண்டும் ஒரே அளவு வர வேண்டுமே, அதற்கு அலகில் சுற்றும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள். மணிக்கு மேலே 1 செ.மீ. போலக் கம்பி விட்டு, முதலில் 90 டிகிரி மடக்கு, அப்புறம் சுற்று. மடக்காமல் சுற்றினால் கண்ணி மணிக்கு நேர் மேலே நிற்காது, ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

கட்டரின் தட்டையான பக்கம் நகையைப் பார்த்து இருக்கட்டும். வெட்டிய முனை குத்தாது. வெட்டும்போது துண்டு விழும் பக்கத்தை விரலால் பிடித்துக்கொள், கண்ணுக்குத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டால் எனக்கு இன்னும் நிம்மதி. வளையல் போலச் சுருண்டே நிற்கும் மெமரி வயரை மட்டும் இதால் வெட்டாதே. அது கடினமான எஃகு, கட்டரின் வாய் பொக்கையாகிவிடும்.

கம்பியின் தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். 20 கேஜில் தொடங்கு, 0.8 மி.மீ. இருக்கும். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். முத்தின் துளை சின்னது, அதற்கு 24 வேண்டியிருக்கும். குட்டி உலோக மணியை நசுக்கி முனையைப் பூட்டும் கிரிம்ப் பிளையர் எல்லாம், கியர் வயர் என்கிற மெல்லிய, வளையும் கம்பியில் மாலை கோர்க்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இப்போதைக்கு விலை குறைந்த செம்புக் கம்பியில் கண்ணி போட்டுப் பழகு. கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு, எது ஒதுங்கியிருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா