படகு இல்லாதவர்களையும் பட்டியலில் சேருங்கள்: எண்ணூரிலிருந்து ஒரு திறந்த மடல்

புயல் நிவாரணப் பட்டியல்களைத் தயாரிக்கும் பொறுப்பில் உள்ள அலுவலர்களுக்கு,

வணக்கம்.

பருவமழை முன்னேற்பாடுகள் குறித்து எங்கள் பகுதியில் அண்மையில் நடந்த கூட்டத்தில், கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஓர் அம்மா எழுந்து, அடுத்த புயலுக்காவது தன் பெயர் பட்டியலில் வருமா என்று கேட்டார். படகு இருக்கிறதா என்று மேடையிலிருந்து கேட்டார்கள். இல்லை என்றதும் அடுத்தவரைப் பேச அழைத்துவிட்டார்கள். அதனால்தான் இம்மடல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் படுத்திய பாட்டை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. புயல் கரையைக் கடந்தது என்னவோ ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் என்றாலும், அதற்கு முன்பே கொட்டித் தீர்த்த மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. அங்கே வந்தது வெள்ளம். எங்களுக்கு வந்த வெள்ளமோ மணலி தொழிற்பகுதியின் எண்ணெயையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கி, முகத்துவாரம் வரை கறுப்பாகப் படிந்தது. எண்ணெய் தோய்ந்த சிறகுகளோடு தவித்த கூழைக்கடாக்களின் படத்தை எல்லோரும் பார்த்தார்கள்; அதே சேற்றில் கைவைத்துப் பிழைப்பவர்களைப் படமெடுக்க அதிகம் பேர் வரவில்லை.

கையால் இறால் பிடிப்பது எப்படி என்று நேரில் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு தண்ணீரில் அமிழ்ந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வாயால் கவ்விக்கொள்ள வேண்டும், ஏனெனில் அதைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தால் அது வாய்க்கு எத்தனை விரற்கடை தூரத்தில் இருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். உடம்பில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் தோல் எரிகிறது. அதற்கும் துணிந்து பிடித்து வந்தால், எண்ணெய் வாடை அடிக்கிறது என்று வாங்குபவர் கூடையைத் தொடுவதில்லை. மேலே மிதந்த எண்ணெயை அகற்றியபின் வேலை முடிந்துவிட்டதாகச் சொன்னீர்கள். இவர்களுடைய தொழிலோ அடியில், சேற்றில் இருக்கிறது.

பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், சேதமடைந்த படகுக்கு 10,000 ரூபாயும் அரசு அறிவித்ததை நன்றியோடு ஏற்கிறோம். அந்தத் தொகை போதுமா என்பது வேறு வழக்கு. எங்கள் கேள்வி, படகும் வலையும் இல்லாத ஒரே காரணத்தால் பெயர் விடுபட்ட குடும்பங்களைப் பற்றியது. படகுக்குப் பதிவு எண் உண்டு. இரண்டு கைகளுக்கு எந்த அலுவலகத்தில் எண் வாங்குவது என்று தெரிவித்தால் வரிசையில் நிற்க அவர்கள் ஆயத்தமாகவே இருக்கிறார்கள்.

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது அதை வாளியில் அள்ளினோம். ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப் பின் மிக்ஜாம் வந்தபோதும் வாளியில்தான் அள்ளினோம். இத்தனை ஆலைகளும் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் சூழ்ந்த ஊருக்கு வாளியைவிட உயர்ந்த தொழில்நுட்பம் வந்து சேரவில்லை என்பது வியப்புதான். பேச்சு வேறெங்கோ போகிறது, பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் கேட்பது ஒன்றே: படகை வைத்து அல்லாமல், தொழிலை வைத்துப் பட்டியலிடுங்கள். அதைப் புயல் ஓய்ந்த பின் அவசரத்தில் செய்யாமல், இந்த மழைக்கு முன்பே கழிமுகத்துக்கு வந்து செய்யுங்கள். யார் அன்றாடம் தண்ணீரில் இறங்குகிறார்கள் என்பதை அவர்களிடம் இறால் வாங்கும் வியாபாரிகளும் ஊரில் உள்ளவர்களும் சொல்வார்கள். குடும்ப அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நீர் வற்றும் நேரத்தில் வந்தால் எல்லோரையும் ஒரே இடத்தில் காணலாம். வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், உடனிருந்து உதவக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
எண்ணூர்க் கழிமுகப் பகுதிவாசி ஒருவர்