முருகேசனுக்கு ஒரு பதில்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடுவதற்குத்தான் தினமும் மல்லுக்கட்டு.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கடைக்காரர்களின் பாக்கிக் கணக்குக்கு நீ செய்த ஆப்பை அந்தப் பெரிய கம்பெனி அப்படியே செய்து இலவசமாக விட்டுவிட்டதே! 'வசூல்' பட்டன்கூட நீ வைத்த அதே மூலையில். கோபம் வராமல் இருக்குமா?

கேஸ் போடலாமா என்கிறாய். ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி மைக்ரோசாஃப்ட் மேல் போட்டது. 1994ல் மைக்ரோசாஃப்ட் 12 கோடி டாலர் தரவேண்டும் என்று ஜூரியும் சொன்னது. ஆனால் தரவைச் சுருக்கும் முறைக்கு அவர்கள் கையில் பேடன்ட் இருந்தது. உன்னிடம் என்ன இருக்கிறது? வெறும் யோசனையை வைத்துக்கொண்டு கோர்ட் படி ஏற முடியாது. வக்கீலுக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு பையனை வேலைக்கு வைத்துக்கொள்.

கெய்வன் பெய்கி என்றொருவர். விண்டோஸில் மென்பொருள்களை ஒரே கட்டளையில் நிறுவ ஆப்கெட் என்று ஒன்றை எழுதினார். 2019ல் மைக்ரோசாஃப்ட் அவரைக் கூப்பிட்டுப் பேசியது, வேலைக்கு நேர்காணலும் நடத்தியது. அப்புறம் மாதக்கணக்கில் சத்தமே இல்லை. 2020 மே மாதம் ஒரு மெயில்: வேலை இல்லை, நாளை மென்பொருள் நிறுவும் எங்கள் விங்கெட் வெளியாகிறது. அவருடையது ஓப்பன் சோர்ஸ், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எடுத்துக்கொண்டதற்கு அவர் வருந்தவில்லை, நடத்திய விதம்தான் சுட்டது. நடந்ததை நிதானமாக எழுதி வெளியிட்டார். சில நாளிலேயே, ஆப்கெட்டிலிருந்து எதையெல்லாம் எடுத்தோம் என்று மைக்ரோசாஃப்ட் எழுதவேண்டி வந்தது. பெயராவது மிஞ்சியது. ஆனாலும் அவர் ஆப்கெட்டை மூடிவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

லூனா டிஸ்ப்ளேக்காரர்கள் வேறு ரகம். ஆப்பிளின் ஐபேடை மேக் கணினியின் இரண்டாவது திரையாக்கும் சின்னச் சாதனம் அவர்களுடையது. 2019ல் ஆப்பிள் அதையே சைட்கார் என்று மேக்குக்குள் வைத்துவிட்டது. அவர்கள் சைட்கார் செய்யாத வேலையைத் தேடினார்கள்: பழைய மேக்கையே இன்னொரு மேக்கின் திரையாக்கினார்கள், பிறகு விண்டோஸுக்கும் போனார்கள். விண்டோஸ் பக்கம் ஆப்பிள் எட்டிப் பார்க்காது அல்லவா.

உனக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறதடா. உன் ஈரோட்டு ஜவுளிக்காரர்கள் சீக்கிரம் பணம் கட்டினால் கழிவு, தவணை தாண்டினால் வட்டி என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்களே, அது அந்தக் கம்பெனி ஆப்பில் இருக்கிறதா? நான் போட்டுப் பார்த்தேன், வெறும் வரவு பற்றுதான். கழிவுக் கணக்கை முதலில் முடி. இலவசமாகக் கொடுக்காதே, வருடச் சந்தா வை. பெய்கி மாதிரி நடந்ததையும் தேதிவாரியாக எழுதி வெளியிடு, திட்டாமல் எழுது.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்ததும் அங்கே வருகிறேன். அதற்குள் நாலைந்து கடைகளின் பழைய பாக்கி நோட்டுகளைக் கேட்டு வாங்கி வை, உட்கார்ந்து பார்ப்போம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்